பெயரளவில் போர்ச்சுக்கீசியன்

சிட்னிக்கு வந்து பென்டில் ஹில்லில் வீடு பிடித்த பிறகு, தொப்பையைக் குறைக்க ஒரு கால்பந்து கிளப்பைத் தேடினேன். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கும் அணி உண்டு என்று விளம்பரம் செய்திருந்தது ஒரே ஒரு கிளப்தான். போனில் என் குடும்பப் பெயரைச் சொன்னேன். மறுமுனையில் ஒரு கிழவர் ஆனந்தக் கூச்சலிட்டு, எனக்குப் புரியாத மொழியில் பொழிந்து தள்ளினார். எதற்கும் இருக்கட்டும் என்று "யெஸ், யெஸ்" சொல்லி வைத்தேன்.

அது போர்ச்சுக்கீசியர் தொடங்கிய கிளப். என் பெயரும் போர்ச்சுக்கீசியப் பெயர். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதே பெயர்தான். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்தவர்கள், எங்கள் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கையோடு கொடுத்துவிட்டுப் போனது.

மைதானத்தில் நேரில் பார்த்ததும் கிழவர் என் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தார். "கோவாவா?" என்றார். "இல்லை, தூத்துக்குடி" என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார். போர்ச்சுகலின் தென்கோடியில் வெயில் அதிகமான ஏதோ ஊர் என்று அவராக முடிவுகட்டிக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கிளப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பல வருடங்களாகத் தலைவரும் அவரே. கிளப்பின் வரலாற்றை ஒவ்வொரு சனிக்கிழமையும் சாளை மீன் சுட்டுக்கொண்டே சொல்வார். கான்கிரீட் வேலைக்கு வந்த இளைஞர்கள் சிலரை வேறொரு கிளப் ஆட்டத்தில் இறக்காமல் பெஞ்சிலேயே உட்காரவைத்ததாம். ரோஷம் வந்து தனியாகத் தொடங்கினார்களாம். முதல் வருடமே போர்ச்சுகலின் தீவுகளிலிருந்து வந்தவர்களுக்கும் பெருநிலத்துக்காரர்களுக்கும் சண்டை வந்து பாதிப் பேர் வெளிநடப்பு செய்தார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு வேற்றிடம் என்ற கூச்சமே போய்விட்டது. தமிழ்ச் சங்கங்கள் பார்க்காத வெளிநடப்பா? வெற்றிகளுக்கும் குறைவில்லை, அவர் சொல்லும் வரலாற்றில். கடைசி டிவிஷனைவிட்டு மேலே ஏறியதாக வேறு யாருக்கும் ஞாபகமில்லை.

தமிழ்ச் சங்கத்தில் சேரப் போனபோது, "நீங்க தமிழா? பேரு வேற மாதிரி இருக்கே" என்று கேட்டார்கள். பொங்கல் விழாவில் என் கையில் சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்து, அது என்னவென்று ஆங்கிலத்தில் விளக்கிய ஆன்ட்டியும் உண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர்ச்சுக்கீசியர் ஒருநாளும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "காணாமப் போன சொந்தக்காரங்க திரும்பக் கிடைச்சிருக்காங்க, விட்றாதீங்க" என்றாள் மனைவி.

ஆனால் போன வருடம் பார்த்தால், அணியில் போர்ச்சுக்கீசியர் என்று ஒருவர்கூட இல்லை. யாழ்ப்பாணத்துச் சகோதரர்கள் இருவர், நேபாளிகள் சிலர், ஈராக்கிலிருந்து வந்த கோல்கீப்பர், பிறகு நான். விதிப்படி தலைவர் மட்டும் போர்ச்சுக்கீசிய வம்சமாக இருக்க வேண்டும். கிழவருக்கு இதயம் பழுதாகி, பதவியை விடும்படி டாக்டர் சொல்லிவிட்டார். தலைவர் கிடைக்காவிட்டால் பக்கத்துப் பெரிய கிளப்போடு இணைப்பு. இணைப்பு என்றால் மைதானம் அவர்களுக்கு, பெயர் அவர்களுக்கு, நமக்கு ஒரு நன்றியுரை. அந்த ஒரு மாதத்தில் கிழவர் பாதியாகிவிட்டார்.

பொதுக்கூட்டத்தில் அவர் என்னை முன்மொழிந்தார். உடனே பொருளாளர் எழுந்தார். அவரும் தொடங்கியவர்களில் ஒருவர்தான்; தலைவர் பதவி தனக்கு வேண்டாம் என்று வயதைக் காட்டி முன்பே மறுத்துவிட்டவர். கிழவர் தீவுக்காரர், இவர் பெருநிலத்துக்காரர். ஆகவே கிழவர் எதைச் சொன்னாலும் எதிர்ப்பது இவர் கடமை.

"இவருக்கு அப்பா போர்ச்சுக்கீசியரா, அம்மாவா?" என்றார்.

"அண்ணை, அம்மா எண்டு சொல்லுங்கோ" என்று பின்னாலிருந்து யாழ்ப்பாணத்துத் தம்பி கிசுகிசுத்தான்.

"இரண்டு பேருமே இல்லை" என்றேன். "உங்கள் ஆட்கள் வந்து பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். அப்போது யாரும் எங்கள் ரத்தத்தைச் சோதிக்கவில்லை."

யாரும் சிரிக்கவில்லை. "விதி என்றால் விதி. ரத்தம் வேண்டும்" என்றார் பொருளாளர்.

கிழவர் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு மகனை அழைத்து, தங்கள் மொழியில் என்னவோ கேட்டார். மகன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். "மறுபடியுமா அப்பா? தலைவராக நான் வர மாட்டேன். இழுத்து மூடுங்கள். யாருக்கு வேண்டும் அந்த கிளப்?" பின்னணியில் டிவியில் ரக்பி ஓடிக்கொண்டிருந்தது.

கிழவர் போனை மேசையில் வைத்தார். அணைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. "ஹலோ, ஹலோ" என்று அது கத்திக்கொண்டிருந்தது. எட்டி நானே அதை அணைத்தேன்.

வாக்கெடுப்பு என்றதும் எனக்கு ஆதரவாக முதலில் உயர்ந்தது பொருளாளரின் கை. விதியைப் பற்றி அவர் அதன்பின் மூச்சு விடவில்லை. அவருக்கும் இரண்டு மகன்கள். அவர்களை அழைக்கச் சொல்லி யாரும் கேட்டுவிடக் கூடாது என்றோ என்னவோ, எண்ணி முடித்த பிறகும் அவர் கையை இறக்கவே இல்லை.