கடைசியாகக் கை வைத்த தேதி

சூ-யுன் அக்காவைப் பற்றி எங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டாலும், "ஆளைக் காட்டிக் கொடுத்தவ" என்பார்கள். சொல்கிறவன் வாயில் சூடு வைக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வரும். ஆனால் அன்றைக்கு நானும்தான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஷின்சூ நகரத்தில் இன்டர்நெட் ரவுட்டர் செய்யும் கம்பெனி எங்களுடையது. அதற்குள் ஓடும் புரோகிராமை எழுபது பேர் சேர்ந்து எழுதுகிறோம். எல்லோரும் ஒரே பிரதியில் கை வைத்தால் நாறிப்போகும். அதனால் ஆளுக்கொரு கிளை பிரித்துக்கொண்டு, வேலை முடிந்ததும் மூலப் பிரதியோடு சேர்த்துவிட்டுக் கிளையை அழிக்க வேண்டும். எவன் அழிக்கிறான்? தின்ற டப்பாவை மேஜையிலேயே விட்டுப் போகிற கூட்டம். பின்னாலேயே போய்க் கூட்டி அள்ளுகிறவள் அக்காதான். வாடிக்கையாளருக்குப் போகும் ஒவ்வொரு பதிப்புக்கும் பெயர்ச்சீட்டு மாதிரி டேக் போட்டு வைப்பதும் அவள்தான். எந்த ஊரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று கேட்டால் சாப்பிட்டுக்கொண்டே சொல்வாள். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. சர்வர் மக்கர் பண்ணாது என்ற எங்கள் ஊர் நம்பிக்கையில் அதன்மேல் வைக்கிறோமே பச்சைப் பாக்கெட் நொறுக்குத்தீனி, அதைக்கூடத் தேதி முடிவதற்குள் மாற்றி வைப்பவள் அவள் ஒருத்திதான்.

போன அக்டோபரில் எங்கள் மேலாளர் லியாவ் அவளைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, குடோனா? நானூத்திப் பன்னண்டு கிளை! எது யாரோடது, கடைசியா என்னிக்குக் கை வச்சாங்கன்னு ஒரு பட்டியல் போடு. செத்ததையெல்லாம் தூக்கிப் போடு."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை வருஷமாக அவள் கெஞ்சிக்கொண்டிருந்த விஷயம்! மெயில் அனுப்பினால் ஒருத்தனும் படிக்க மாட்டான் என்று மேஜை மேஜையாகப் போனாள். "இது உன்னோடதுதானே? வேணுமா, வேண்டாமா?" பாதிப் பேர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அழிச்சிடுங்கக்கா" என்றார்கள். நானும் அதையே சொன்னேன். என் கிளையை நான் தொட்டுப் பதினாலு மாசம் ஆகியிருந்தது.

எனக்குப் பக்கத்து மேஜை யாவ்-திங். ஆஸ்பத்திரிகளில் ரவுட்டர் திடீர் திடீரென்று அறுந்துபோகிற கோளாறை அவன் நாலு மாசம் மண்டையை உடைத்துச் சரிசெய்திருந்தான். வாடிக்கையாளர் சம்மதிக்கும் வரை மூலத்தில் சேர்க்காதே என்று லியாவ் சொல்லிவிட்டார். பதினோரு மாசமாக அந்தக் கிளை சும்மா கிடந்தது.

"அழிச்சிடுங்கக்கா. எவன் கேக்கப் போறான்?" என்றான்.

"அட போடா! இவ்வளவு நல்ல வேலையை அழிக்க எனக்கு மனசு வராது. இருக்கட்டும்."

நானூற்றுப் பன்னிரண்டு, முப்பத்தெட்டாகக் குறைந்தது. மிஞ்சிய ஒவ்வொரு கிளைக்கும் பட்டியலில் கிளை, ஆள், தேதி போக நாலாவதாக ஒரு பத்தி சேர்த்து, ஏன் வைத்திருக்கிறோம் என்று காரணம் எழுதினாள். யாவ்-திங் பெயருக்கு நேரே, "வேலை முடிந்தது, லியாவ் சார் சொன்னதால் காத்திருக்கிறது" என்று எழுதினாள்.

ஜனவரியில் சந்திர வருஷக் கடைசி விருந்து. முழுக் கோழி வந்தது. தட்டில் அதன் தலை யார் பக்கம் பார்க்கிறதோ அவருக்கு வேலை போச்சு என்பது பழைய வழக்கம். இந்தத் தடவை தலையை வெட்டியே கொண்டுவந்தார்கள். "தலையே இல்லப்பா, நிம்மதியா சாப்பிடுங்க!" என்றார் லியாவ். நாங்களும் கை தட்டினோம், வெட்கங்கெட்டவர்கள்.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பது பேரை மேலே கூப்பிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். கையில் அக்காவின் பட்டியல். ஆறு மாசம் கிளையில் கை வைக்காதவன் வேலை செய்யாதவனாம். யாவ்-திங்கும் அதில் ஒருவன்.

அக்கா தன்னிடம் இருந்த தாளை எடுத்துக்கொண்டு லியாவ் அறைக்கு ஓடினாள். கதவு திறந்திருந்தது, நான் வெளியே நின்றேன்.

"சார், அவன் வேலையை முடிச்சிட்டான். நீங்கதானே சேர்க்க வேண்டாம்னீங்க? நாலாவது பத்தியைப் பாருங்க!"

"மேலிடத்துல மூணு பத்தி போதும்னாங்க."

"இப்பவாவது போய்ச் சொல்லுங்க சார்."

"சொல்றேன். அவனுக்குப் பதிலா ஒரு பேரு கேப்பாங்க. நீ குடுக்கிறியா?"

அக்கா திரும்பினாள். கதவருகே என்னைப் பார்த்தாள். கிளை அழிந்ததால் பட்டியலில் சிக்காமல் தப்பிய என் பதினாலு மாசம் அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

யாவ்-திங் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். அக்கா அவன் கோப்பையைக் காகிதத்தில் சுற்றப் போனாள். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான்.

"கோழித் தலை எங்க போச்சுன்னு பார்த்தேன். உங்க பட்டியல்லதான் இருந்திருக்கு. அழிச்சிடுங்கன்னு நான் சொன்னேன்ல?"

அவன் லிஃப்டில் ஏறும்வரை அக்கா அங்கேயே நின்றாள்.

மறுநாளிலிருந்து ஆபீசுக்குப் புத்தி வந்துவிட்டது. காலையில் வந்ததும் சோயா பாலை உறிஞ்சிக்கொண்டே அவரவர் கிளையில் ஒரு வெற்று வரியைச் சேர்த்துவிடுகிறோம். அவ்வளவுதான், தேதி புதுசாகிவிடும். ஒருவனே பத்துக் கிளை வைத்துக்கொண்டு பத்திலும் வெற்று வரி போடுகிறான். கிளைகள் இப்போது ஐந்நூறைத் தாண்டிவிட்டன. எது நிஜமான வேலை, எது குப்பை என்று எவனுக்கும் தெரியாது. அக்கா மேஜைப் பக்கம் வந்தால் திரையைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவளும் வருவதை நிறுத்திவிட்டாள்.

போன வாரம் பட்டியலில் ஒரு புதுக் கிளையைப் பார்த்தேன். சூ-யுன் என்று பெயர். இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று ஒரு கிளை பிரித்ததே இல்லை. என்ன எழுதியிருக்கிறாள் என்று திறந்தேன். ஒரே ஒரு வெற்று வரி.

நேற்றுப் பார்த்தேன், வெற்று வரி ஐந்தாகியிருந்தது.