கால் நகமும் இடுப்பு மூட்டும்

இடுப்பு மூட்டு மாற்றி ஆறாவது வாரம். குனியக்கூடாது, தாழ்வாக உட்காரக்கூடாது, அறுவை செய்த பக்கத்துக் காலை உள்பக்கம் திருப்பக்கூடாது. முப்பத்தாறு வருடம் அரசாங்க ஆபீசில் விதிமுறை ஓதியவன் நான். மருத்துவமனை தந்த தாளை மனப்பாடம் செய்து, நலம் விசாரிக்கச் சித்தூர் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒப்பித்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று எங்கள் சபையில், இயேசு சீடர்களுக்குச் செய்தது போல, போதகர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். அந்த வருடப் பட்டியலில் நானும் இருந்தேன். என் கால் நகங்களோ பார்க்கச் சகிக்கவில்லை.

"கால நீட்டுங்க, நான் வெட்டிவுடறேன்," என்றாள் மனைவி.

"நீ உன் வேலைய பாரு."

"கால் கழுவுற போதகர் ஐயருகிட்ட நீட்டுவீங்க, எங்கிட்ட நீட்ட மாட்டீங்களா?"

அவள் கடைக்குப் போனதும் குளியலறை முக்காலியில் உட்கார்ந்து குனிந்தேன். மூன்றாவது விரலுக்கு வந்தபோது இடுப்பு மூட்டு நழுவியது. திரும்பி வந்தவளிடம், குளித்துவிட்டு எழுந்தேன், அவ்வளவுதான் என்றேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து மூட்டை இழுத்துப் பொருத்தினார்கள். மறுநாள், எனக்கு ஆபரேஷன் செய்திருந்த இளம் டாக்டரம்மா கேட்டார்.

"குனிஞ்சீங்களா சார்?"

"நானா? இடுப்பெலும்புல நீங்க வெச்ச கிண்ணம் எந்தக் கோணத்துல இருக்குன்னு முதல்ல பாருங்க."

தலைமை மருத்துவர் வந்தார். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, மாணவர்கள் முன்னால் டாக்டரம்மாவைத் தெலுங்கில் வறுத்தெடுத்தார். எனக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும்.

"கோணம் சரியாத்தான் சார் இருக்கு," என்றார் டாக்டரம்மா, மெல்ல.

"அப்புறம் ஏன் நழுவுது? பேஷண்ட் ஒழுங்காத்தானே இருந்திருக்கார்?"

ஆமாம் என்று நான் தலையாட்டினேன்.

திரும்பத் திறந்து கிண்ணத்தை மாற்றி வைக்க முடிவாயிற்று. ஒப்புதல் படிவம் கைக்கு வந்தது. மறுபடியும் அறுப்பது, ரத்தம், தொற்று என்று வரிவரியாகப் படித்தேன். பேனாவைக் கீழே வைத்தேன்.

"நகம் வெட்டினேன்," என்றேன்.

தலைமை மருத்துவர் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. படிவத்தைத் திரும்ப வாங்கி, கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே, "மீதி விரலுக்கு நர்ஸை அனுப்பறேன் சார்," என்றார்.

அந்த டாக்டரம்மாவின் பேர் கெடக்கூடாது என்று நான் உண்மையைச் சொன்னதாக மனைவி நம்பினாள். வீடு திரும்பிய பின் வந்த ஞாயிறு, சபையில் எழுந்து சாட்சியாகவும் சொன்னாள். பலர் திரும்பி என்னை அன்போடு பார்த்தார்கள். உயரமான நாற்காலியில், விதிப்படி நிமிர்ந்து, நான் உட்கார்ந்திருந்தேன்.