கிடுகுக்கு அப்பால் கேட்ட யுத்தம்

சென்ற மாதம் மகள் என்னைக் கற்பிட்டியில் ஒரு ஹோட்டலுக்குப் பகல் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனாள். கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டிய இடம். கொட்டில்கள் எல்லாம் பின்னிய தென்னங்கிடுகு. முதல்நாள் மழை பெய்திருந்தது. நனைந்த தென்னோலை வெயிலில் காயும்போது வருமே ஒரு புளித்த வாடை, அது உள்ளே காலை வைத்ததும் மூக்கில் ஏறியது. "என்ன உம்மா, நாத்தமா?" என்றாள் மகள். இல்லை என்று தலையாட்டினேன். எனக்குள் முதலாம் உலக யுத்தம் தொடங்கியிருந்தது.

சிரிக்காதீர்கள். இரண்டு உலக யுத்தங்களும் எனக்கு இந்த வாடையோடுதான் ஒட்டியிருக்கின்றன. தொண்ணூறில் ஆயுதம் ஏந்திய இயக்கம் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். புத்தளத்தில், பாலாவிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில் முகாம் போட்டார்கள். பிள்ளைகள் சும்மா திரிகிறார்களே என்று கிடுகால் ஒரு பள்ளிக்கூடமும் எழும்பியது. சரித்திரம் படிப்பிக்க ஆள் இல்லை. "உனக்குத்தான் குரல் பெரிசு" என்று என்னை நிறுத்திவிட்டார்கள். என் தகுதி அவ்வளவுதான்.

இருந்தது அட்டை கிழிந்த ஒரேயொரு பாடப்புத்தகம். சராயேவோ என்ற பெயரை நாளுக்கொரு விதமாக உச்சரித்தேன். அங்கே ஆஸ்திரிய இளவரசனையும் மனைவியையும் ஒருவன் சுட்டதையும், அதைச் சாட்டாக வைத்து ராச்சியங்கள் ஒவ்வொன்றாகச் சண்டையில் குதித்ததையும் சொல்லி முடித்தேன். கிடுகுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சுட்டது ஒரு பொடியன். அதுக்கு இத்தன ஊர் எரியணுமா?"

ஜெசீமா தாத்தா. எங்களில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவது. விடியலில் வெங்காயத் தோட்டத்து வேலைக்குப் போய், பகலில் திரும்பி, பள்ளிக்கூடக் கொட்டிலின் நிழலில் முக்காட்டால் விசிறிக்கொண்டு இருப்பார். ஊரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி அவருடைய வீடு. அன்றைக்குப் பிறகு அவர் ஒரு நாளும் தவறவில்லை. வேறு பெண்களும் வந்து சேர்ந்தார்கள். நானும் என் பெரிய குரலை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

வெர்சாய் உடன்படிக்கையில் ஜேர்மனியைக் கையெழுத்துப் போடவைத்த பாடத்தன்று, "தோத்தவன இப்புடி மண்டியிட வெச்சா சும்மா இருப்பானா? திரும்ப வருவான் பாரு புள்ள" என்றார். ஹிட்லர் வந்தான். போலந்து விழுந்த நாளில் மற்றப் பெண்கள் அவரைப் பெருமையாகப் பார்த்தார்கள். அவருக்கு அதில் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

பின்னால் ஜப்பான்காரன் கொழும்பிலும் குண்டு போடுவான் என்று நான் முந்திச் சொன்னதில் பாடம் வழிதவறிவிட்டது. பாலாவி விமான ஓடுபாதை அந்த யுத்தத்தில் வெள்ளைக்காரன் போட்டதென்றும், சேற்றில் புதைந்த விமானங்களை யானை கட்டி இழுத்தார்களென்றும் ஒரு பிள்ளை எங்கேயோ கேட்டுவந்து சொல்லிவிட்டது. யானையிடமிருந்து வகுப்பைப் பிரான்சுக்குக் கொண்டுபோக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிரான்சுப் பாடத்தில் ஒரு படம் இருந்தது. பாரிஸ் விழப்போகிறது என்று சனம் தெருநிறைய நடந்துபோகும் படம். கைவண்டியில் மெத்தை, அதன்மேல் குழந்தை. ஜெசீமா தாத்தா முதல் தடவையாக உள்ளே வந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இந்தப் புள்ளைக்குக் குடிக்கத் தண்ணி கெடச்சிச்சா?"

புத்தகத்தில் அது இல்லை. மன்னாரிலிருந்து வந்த வழியில் அவர் கடைசி மகளுக்கு என்ன நடந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். புத்தகத்தை வாங்கி அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

ஒருவழியாக ஹிரோஷிமாவுக்கு வந்து, ஜப்பான் சரணடைந்து, யுத்தம் முடிந்தது என்று கரும்பலகையை அழித்தேன். பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். அவர் மட்டும் கிடுகை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"சண்ட முடிஞ்சிச்சு, சரி. தொரத்தினாங்களே, அந்தச் சனம் ஊட்டுக்குத் திரும்பிப் போச்சா?"

"தெரியாது தாத்தா. பரீட்சைக்கு அது வராது."

"பரீட்ச கெடக்கட்டும். பாத்துச் சொல்லு புள்ள."

புத்தளம் டவுனுக்கு பஸ் ஏறி, நூலகத்தில் தேடினேன். எல்லைகள் மாறி, வீடுகளில் வேறு ஆட்கள் குடியேறி, பலர் வருடக்கணக்கில் முகாம்களிலேயே கிடந்திருக்கிறார்கள். பலர் ஊருக்குத் திரும்பிப் போயுமிருக்கிறார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பொய் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். முடியவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

கேட்டுவிட்டு முக்காட்டை இழுத்துச் செருகினார். "அப்ப போனவங்களும் இருக்காங்க, என்ன?" என்றார்.

"ஓம் தாத்தா."

"அது காணும் புள்ள, அது போதும்."

எங்கள் நாட்டுச் சண்டை முடிய மேலும் எத்தனையோ வருடம் சென்றது. பாதை திறந்ததும் முதல் போனவர்களில் அவரும் ஒருவர். பிள்ளைகளுக்குப் புத்தளத்தில் தொழில், சம்பந்தம், அவர்கள் வரவில்லை. வீடு இருந்த இடத்தில் உடைமுள் காடாய் நின்றதாம். வெட்டித் துப்புரவாக்கித் தகரக் கொட்டில் போட்டு, அங்கேயே இருந்து, அங்கேயே மௌத்தானார். ஜனாஸா அடக்கத்துக்குப் போயிருந்தேன். எங்கள் வீடிருந்த வளவுப் பக்கம் நடந்து பார்த்துவிட்டு, பின்னேர பஸ்ஸில் புத்தளத்துக்கே வந்துவிட்டேன். நான் போகாதவர்களில் ஒருத்தி.

முகாம் இப்போது கல்வீடும் பெயர்ப்பலகையுமாக ஒரு கிராமம். அந்தக் காலத்தில் நாங்கள் கடையில் வாயைத் திறந்தாலே, "மன்னார் கத வருது" என்று உள்ளூர்ப் பெண்கள் வாய்பொத்திச் சிரிப்பார்கள். எனக்கு அழுகையாக வரும். இப்போது என் பேரப்பிள்ளைகள் புத்தளத்துப் பேச்சிலேயே கதைக்கிறார்கள். நானும்தான். ஒருத்தரும் சிரிப்பதில்லை.