தங்கவயலில் சும்மா ஓடக் கூடாது

ஒரு வாரமாக எனக்குக் கால் வலி. தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை ஒரே குடைச்சல். ஓடியது நான் இல்லை — என் மைத்துனன் தேவராஜ். நான் சைக்கிளில் பின்னால் போனேன், அவ்வளவுதான். ஓடினவன் இன்னொரு களி உருண்டைக்குக் கை நீட்டுகிறான். பின்னால் போன நான் முட்டிக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது என்ன நியாயம்?

தேவராஜ் என் மனைவி கமலாவின் தம்பி. தங்கச் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பீடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம்... ஓடுவான். பஸ்ஸைப் பிடிக்க அல்ல, நாய் துரத்தி அல்ல. மைதானத்தைச் சுற்றிச் சுற்றி மைல் கணக்காக, ஒரு காரணமும் இல்லாமல்.

வருஷா வருஷம் எங்கள் சாம்பியன் ரீப்ஸ் மைதானத்தில் புறப்பட்டு, பேத்தமங்களா ரோட்டில் வெகு தூரம் போய்த் திரும்பி வரும் ஓட்டப் பந்தயம் ஒன்று உண்டு. முதலில் வருகிறவரை மட்டும் பெங்களூரில் நடக்கும் பெரிய பந்தயத்துக்கு அனுப்புவார்கள். போன வருஷம் இவன் இரண்டாவது. பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். கமலா அதில் காபி கொடுத்தால் இன்றுவரை தொட மாட்டான்.

எங்கே தோற்றான் தெரியுமா? எங்கள் வீட்டு வாசலில்! தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைட் மண் மேட்டை ஒட்டி ஒரு ஏற்றம். அதில் ஏறி, தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைன் வீடுகளைத் தாண்டி, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டின் கேட் முன்னால் திரும்பினால் மைதானம். அந்த ஏற்றத்தில்தான் மூச்சு முட்டி நின்றுவிட்டான். நான் சொம்பில் தண்ணீரோடு ஓடியதுதான் மிச்சம்.

ஆகவே இந்த வருஷம், பந்தயத்துக்கு முந்தைய வாரம், பாயும் தலையணையுமாக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அந்த ஏத்தத்த மட்டும் ஜெயிச்சுட்டா போதும் மாமா. பெங்களூர் போயிடுவேன். இந்த வருசம் உட்டா அவ்ளோதான்" என்றான்.

"ஏன்டா, அடுத்த வருஷம் ஏத்தம் எங்கேயாவது போயிடுமா?"

"தையில கல்யாணம் மாமா. அரை டிராயர் போட்டுக்கினு ரோட்ல ஓட்றத மாமனார் ஒத்துக்குவாரா?"

நியாயமான கவலை. நானே மாமனாராக இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாத நேரம். பயிற்சி ஆரம்பம். ஸ்டாப் வாட்ச்சுக்கு எங்கே போவது? கமலாவின் டைம்பீஸைத் துணியில் சுற்றி சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்டினேன். அடிவாரத்திலிருந்து தேவராஜ் கிளம்பினான். நான் பின்னால் மிதித்தேன். காற்று ஜில்லென்று இருந்தது... எனக்கே ஏதோ சாதிக்கப் போகிற மாதிரி ஒரு உற்சாகம்.

லைன் குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவர் ராஜம்மாக்கா. எங்கள் அடுத்த வீடு. கணவர் முனிரத்தினம் அண்டர்கிரவுண்டில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். அதாவது, அந்த நேரத்தில் அவர் பூமிக்கு அடியில்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பந்தய நாளைத் தவிர எங்கள் ஊரில் ரோட்டில் யாரும் ஓடுவதில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டால்கூட வேகமாக நடப்பார்களே தவிர ஓட மாட்டார்கள். கீழே பாறை வெடித்துச் சரிந்தால்தான் ஓட்டம். யாராவது ஷாஃப்ட் பக்கம் ஓடினால், அதற்கு ஒரே அர்த்தம். ஏன், எதற்கு என்று நின்று விசாரிக்கிற வழக்கம் இல்லை. எந்த ஷாஃப்ட் என்று மட்டும் கேட்டுக்கொண்டு கூடவே ஓட வேண்டியதுதான்.

இங்கேயே பிறந்து வளர்ந்த நாங்கள் இரண்டு பேரும் இதை மறந்துபோனோம். பெங்களூர் ஆசை அப்படிக் கண்ணை மறைத்திருந்தது.

ராஜம்மாக்கா குடத்தைப் போட்டுவிட்டார். "டேய் தேவராஜு! எந்த ஷாஃப்ட்டு?"

ஏற்றத்தில் ஓடுகிறவன் பேசுவானா? ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான். ஆட்டின கை ஷாஃப்ட் பக்கமாகப் போய்த் தொலைத்தது. அதே நேரம் பார்த்து ஹேண்டில்பாரில் டைம்பீஸ் அலாரம் கணகணவென்று அடிக்க ஆரம்பித்தது! கேட்க வேண்டுமா?

ராஜம்மாக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். அவருக்குப் பின்னால் குழாயடி முழுக்க. "அய்யோ, நம்ம ஷாஃப்ட்டாண்ட" என்று யாரோ அலற, வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. நான் "இல்லீங்க... இல்லீங்க" என்று கத்திக்கொண்டே மிதித்தேன். அலாரம் என்னைவிட நன்றாகக் கத்தியது.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் நெடுந்தூர ஓட்ட வீரன் பாதி ஏற்றத்தில் இருக்கும்போதே ராஜம்மாக்கா அவனைத் தாண்டிவிட்டார். வெறுங்காலோடு. கேட்டை முதலில் தொட்டது அவர்தான்.

சரியாக அப்போது ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தது. நைட் ஷிப்ட் முடிந்த ஆட்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். தூக்குப் போசியோடு முனிரத்தினமும் வந்தார். வாசலில் பெண்டாட்டி தலைவிரி கோலமாக நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாடி ஆச்சு? வூட்ல இன்னா ஆச்சு?"

உள்ளே ஏதோ என்று இவர் பயந்து ஓடி வர, வீட்டில் ஏதோ என்று அவர் பயந்து நிற்க... இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ராஜம்மாக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, மூச்சிரைக்க வந்து நின்ற தேவராஜைத் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்குடா ஓடுனே?"

பந்தயம், பெங்களூர், ஏற்றம் என்று எவ்வளவோ சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது ஒரே ஒரு வார்த்தை.

"சும்மாக்கா..."

"சும்மாவா!"

அதற்குப் பிறகு அவர் பேசியதை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

அன்று சாயங்காலமே எங்கள் வாசலில் லைன் பெண்கள் கூடினார்கள். தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. "சார், உங்க மச்சான் எங்க வேணா ஓடட்டும். இந்த லைன்ல ஓடக்கூடாது. எங்க உசுரு எங்களுக்கு வேணும்" என்றார் ராஜம்மாக்கா. மற்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான். என்னவென்று மறுப்பது?

செவ்வாய்க்கிழமை தேவராஜ் ஆபீசர் பங்களா பக்கம் போய் ஓடினான். அங்கே ஓடினால் வேறு அர்த்தமாம் — திருடன்! ஒரு வாட்ச்மேனும் இரண்டு அல்சேஷன் நாய்களும் அவனுக்கு நல்ல வேகப் பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் அந்த ரோடு சமதளம். ஏற்றம் இல்லாமல் என்ன பயிற்சி? புதன்கிழமை பாயில் மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டில் களி ஆறிப்போயிற்று. அவன் களியை மறந்து நான் பார்த்ததே இல்லை.

"பெங்களூர் போச்சு மாமா" என்றான்.

கமலாவுக்குப் பொறுக்கவில்லை. கையோடு அவனை இழுத்துக்கொண்டு ராஜம்மாக்கா வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். இந்த வாரம் முழுக்க எனக்கு அதே வேலைதான்.

"யக்கா, இவன் ஓடறது தப்பில்ல. எதுக்கு ஓட்றான்னு தெரியாம ஓடறதுதான தப்பு? வழி பூரா சொல்லிக்கினே ஓடட்டும்."

"இன்னான்னு சொல்லுவான்?"

"அன்னிக்கு சொன்னானே... அதையே சொல்லட்டும்."

ராஜம்மாக்கா யோசித்தார். தேவராஜின் தொங்கிப்போன முகத்தை ஒரு முறை பார்த்தார். "சரி. ஆனா கத்திச் சொல்லணும். கடைசி வூட்டுக்குக் கேக்கணும். கேக்கல... காலை உடைப்பேன்."

இப்படியாக, வியாழக்கிழமை காலை தங்கவயல் சரித்திரத்தில் முதல் தடவையாக ஒரு ஆள் "சும்மா! சும்மா!" என்று கூவிக்கொண்டே ஏற்றத்தில் ஓடினான். கேட்பதற்குக் கீரை விற்கிற மாதிரியே இருந்தது. கடைசி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் ஒருவர் பாத்திரத்தோடு வெளியே வந்தார். "இன்னாங்க சும்மா குடுக்கறாங்க?" சும்மா என்றால் இலவசம் என்றும் ஒரு அர்த்தம் இருக்கிறதே! அவருக்கு விளக்கம் சொல்லி அனுப்பியது நான்.

வெள்ளிக்கிழமை இன்னொரு சிக்கல். எங்கள் லைனில் கன்னடக்காரர் உண்டு, தெலுங்குக்காரர் உண்டு. அவர்கள் பயந்தால் பரவாயில்லையா? ஆகவே "சும்மா... சும்மனே... ஊரிகே..." என்று மூன்று பாஷையிலும் கூவினான்.

"மூச்சு போவுது மாமா. ஓட்றதா, கத்தறதா?" என்று அழாத குறை.

ஆனால் ஒன்று கவனித்தேன். சனிக்கிழமை அதே ஏற்றத்தில் மூன்று பாஷையும் முழுசாகக் கூவிவிட்டு நிற்காமல் கேட் வரை போய்விட்டான். எந்தக் கோச் இப்படி ஒரு பயிற்சி கொடுப்பார்? அவனை மூச்சுத் தாங்கப் பழக்கிவிட்டது பயிற்சிப் புத்தகம் அல்ல, எங்கள் குழாயடிதான்.

ஞாயிற்றுக்கிழமை. பந்தயம்.

போகும்போது கூட்டத்தோடு கூட்டமாகப் போனான். திரும்பும்போது முன்னணியில் இரண்டே பேர். முதலில் கோலாரிலிருந்து வந்த நெட்டைப் போலீஸ்காரர் ஒருவர். கொக்கு மாதிரி கால். ஒரு லாரி நீளம் பின்னால் நம்ம ஆள். ஏற்றம் வந்தது. பாதி வரை நன்றாகத்தான் வந்தான். அப்புறம் போன வருஷம் போலவே தோள் இறங்கியது, தலை தொங்கியது. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்குள்ளேயே சாமி கும்பிட்டேன். கமலா கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்கள் குழாயடி வந்தது. பழக்க தோஷம்... அவன் வாய் தானாகத் திறந்தது. ஈனக் குரலில், "சும்மா... சும்மா..."

டமால் என்று ஒரு குடம் விழுந்தது.

"சும்மா இல்லடா! ஓடு! பெங்களூருடா! ஓடு!"

புடவையைச் செருகிக்கொண்டு ராஜம்மாக்கா ரோட்டோரமாக ஓட ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் பின்னால் குழாயடி முழுக்க. அதே பெண்கள், அதே ரோடு, அதே ஷாஃப்ட் கேட்டைப் பார்த்து. ஆனால் சத்தம் மட்டும் வேறு. சிரிப்பும் கூச்சலுமாக அப்படி ஒரு சத்தத்தை அந்த ஏற்றம் கேட்டிருக்காது.

தேவராஜ் நிமிர்ந்தான். என்ன செய்வான் பாவம், அந்தம்மா இன்னொரு தடவை தாண்டிப் போனால் மானம் போய்விடுமே! விட்டான் பாருங்கள் ஒரு ஓட்டம்.

முன்னால் போன போலீஸ்காரருக்குப் பின்னால் இரைச்சல் கேட்டது. நீங்களே சொல்லுங்கள்... ஒரு கூட்டம் கத்திக்கொண்டு ஓடி வருகிறது. என்ன கலாட்டா என்று திரும்பிப் பார்க்காமல் ஒரு போலீஸ்காரரால் இருக்க முடியுமா? பார்த்தார். பார்த்தவர் இன்னொரு தடவையும் பார்த்தார். கேட் திருப்பத்தில் நம்ம ஆள் அவரைத் தாண்டினான். மைதானத்துக்குள் நுழைந்தான். நாடாவை நெஞ்சால் அறுத்தான்.

முதல் பரிசு! பெங்களூர்!

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், விக்கி விக்கி அழுதேன். போலீஸ்காரர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே தேவராஜின் கையைக் குலுக்கிவிட்டு, "இந்தக் கூட்டத்தையும் பெங்களூருக்குக் கூட்டிக்கினு போங்க" என்றார்.

நியாயமாகப் பார்த்தால் அந்த ஏற்றத்தில் மறுபடியும் முதலில் வந்தது ராஜம்மாக்காதான். ரோட்டோரம் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே ஓடியதால் நடுவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்று முனிரத்தினத்துக்கு லீவு. மைதானத்து ஓரத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர், பெண்டாட்டி கேட் பக்கமிருந்து தலை கலைந்து ஓடி வருவதைப் பார்த்துவிட்டார். பொட்டலம் கீழே விழுந்தது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். முகத்தில் அதே வெளுப்பு. வாயில் அதே கேள்வி.

"இன்னாடி ஆச்சு?"

ராஜம்மாக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்தார்.

"ஒண்ணும் ஆவல. சும்மா ஓடுனேன்."