சாயக்கால்வாய் ஓரத்தில் ஒரு குலவை

அப்பாவின் தொண்டையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு பெருமை உண்டு. அவர் காதோடு ரகசியம் சொன்னாலே தெருமுனை டீக்கடைக்குக் கேட்டுவிடும். தென்காசிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து, நிட்டிங் கம்பெனிகள் வரிசையாக இருந்த தெருவில் குடியிருந்தோம். அந்தத் தொண்டை ஒருநாள் எங்களைக் கைவிட்டது.

அன்று சாயங்காலம் நான்கு வயதுத் தம்பியைக் காணோம். தேடிப் போனால், தெருவுக்குப் பின்னால் ஓடும் சாயத்தண்ணீர்க் கால்வாயின் கரையில் அவனுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது. ஊதா நிறத் தண்ணீர். அடி தெரியவில்லை.

“ஏலே, எங்கலே இருக்க?” என்று அப்பா நரம்பு புடைக்கக் கத்தினார். சுற்றிலும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் இரைச்சலும் அப்பாவின் குரலைப் போலவே கனத்தது. எட்டடி தள்ளி நின்ற எனக்கே எது அப்பா, எது மெஷின் என்று பிரியவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கம்போடு தண்ணீரில் இறங்கினார்.

அம்மா செருப்பை நெஞ்சோடு பிடித்திருந்தாள். தம்பியைக் கூப்பிட வாயைத் திறந்தாள்; பேச்சு வரவில்லை. திடீரென்று தலையை நிமிர்த்தி, நாக்கைச் சுழற்றிக் குலவையிட ஆரம்பித்தாள். எங்கள் ஊர் அம்மன் கொடைத் திருவிழாவில் பொங்கல் பொங்கும்போது பெண்கள் இடுகிற அதே குலவை.

பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து அம்மாவின் தோளைப் பிடித்தார். “ஏனுங்க்கா, பையனக் காணோம்னு தவிச்சிட்டிருக்கறப்ப இதென்னங்க?”

அம்மா நிறுத்தவில்லை. மூச்சு வாங்கி மறுபடியும் இட்டாள். கம்பெனி வாசல்களிலெல்லாம் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் கால்களுக்கிடையே புகுந்து தம்பி வந்தான். ஒரு காலில் செருப்பு, இரண்டு கைகளிலும் நூல் தீர்ந்த அட்டைக் கோன்கள்.

“சக்கரப் பொங்கல் எங்கம்மா?”

பிற்பாடு பள்ளியில் ஒலி பற்றிய பாடம் வந்தது. தூரம் போகப் போக உரப்பு குறையும், சுருதி மாறாது என்றார்கள். கனத்த இரைச்சலுக்கு மேலே கீச்சுக்குரல் தனியாகக் கேட்டதும் அம்மாவின் குலவை அம்மாவின் குலவையாகவே போய்ச் சேர்ந்ததும் அப்போது விளங்கின. எல்லாம் தெரிந்துவிட்டதாகப் பெரிய விஞ்ஞானியைப் போலத் தலையாட்டினேன்.

ஆனால் அந்தப் பாடம் படித்த வருடக் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பொங்கல் பொங்கியதும் பெண்களெல்லாம் குலவையிட்டார்கள். அம்மா மட்டும் வாயை இறுக மூடி, தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றாள். தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்து, நான் ஓடிப்போய் ஒரு கோலிசோடா வாங்கி வந்து நீட்டினேன்.