வெல்வெட் அங்கிக்குள் பத்தாவது ஆள்

கியூபாவில் பெட்ரோல் காணாமல் போய், கமாகுவே நகரத்து டாக்டர் முதல் பாதிரியார் வரை எல்லோரும் சீனத்து சைக்கிளில் ஏறிய காலத்தில், பிழைக்கத் தெரிந்த ஒரே ஆள் நிசிம் மொத்தோலாதான். அவர் பஞ்சர் ஒட்டுகிறவர். துருக்கியிலிருந்து துணி மூட்டையோடு வந்திறங்கிய யூதரின் கடைசி மகன். புரட்சிக்குப் பிறகு அண்ணன்மார் மூவரும் மயாமிக்கு விமானம் ஏறினார்கள், நிசிம் ஏறவில்லை. கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை. காரிதாத் என்ற கத்தோலிக்கப் பெண் "போறதுன்னா போ" என்றாள். அப்படிச் சொன்ன பிறகு யாரால் போக முடியும்?

போகாமல் இருந்ததற்குப் பரிசாக யூத ஜெபக்கூடத்துச் சாவி அவர் கைக்கு வந்தது.

கூடத்துக்கு வரும் ஆண்கள் ஒன்பது பேர். பத்துப் பேர் கூடாமல் இறந்தவருக்கான காதீஷ் ஜெபத்தைச் சொல்லக் கூடாது. இதற்கெல்லாமா அசருவார்கள்? அலமாரியில் இருந்த யூத வேதச் சுருளான தோராவையே பத்தாவது ஆளாக எண்ணிக்கொண்டார்கள். நல்ல ஆள்தான். தாமதமாக வராது, குறட்டை விடாது, ரேஷன் இறைச்சியைப் பற்றிப் புலம்பாது.

ஒரு மழைக்காலத்தில் நிசிம் அதன் வெல்வெட் அங்கியைக் கழற்றினார். பத்தாவது ஆளைப் பூச்சி தின்றிருந்தது. கெட்டுப்போன சுருளைப் புதைக்க வேண்டும் என்ற முறைப்படி கல்லறையில் புதைத்தார், ஆனால் தன்னந்தனியாக. வெளியே சொன்னால் எண்ணிக்கை ஒன்பதாகிவிடும், கூடத்துக்குப் பூட்டு விழும். ஆகவே சுருளைச் சுற்றியிருந்து மிஞ்சிய இரண்டு மர உருளைகளிலும் சைக்கிள் டியூபைச் சுற்றி, அங்கியைப் போர்த்தி, அலமாரியில் நிறுத்தினார். சுருள் நைந்துவிட்டது, பிரிக்க முடியாது என்று சொல்லி அச்சுப் புத்தகத்திலிருந்து வாசித்தார். சனிதோறும் பெண்கள் அதை முத்தமிட்டார்கள். நிசிமும் முத்தமிட்டார். இல்லாவிட்டால் சந்தேகம் வருமே.

மூன்று வருஷம் நெஞ்சு உறுத்தவில்லை. நண்பர் விதாலி ரொஃபேயின் மனைவி எஸ்த்ரேயா இறந்ததும் உறுத்த ஆரம்பித்தது. விதாலி பதினொரு மாதம் காதீஷ் சொன்னார். நிசிம் ஒவ்வொரு ஆமெனையும் மற்றவர்களைவிட உரக்கச் சொன்னார். விதாலியின் சைக்கிளை வாரந்தோறும் இலவசமாகப் பழுது பார்த்தார்.

"டேய், காத்து நிறைஞ்ச டயரை எதுக்குடா கழட்டுற?"

"முன்ஜாக்கிரதைடா."

கடைசிக் காதீஷ் முடிந்தது. எல்லோரும் போன பிறகு விதாலி, ரேஷன் காபிபோல் பட்டாணி கலக்காத அசல் காபி ஒரு பொட்டலம் நீட்டினார். "உனக்குத்தான். ஒரு வாரம்கூட விடலடா. மேல அவ நிம்மதியா இருப்பா."

அந்தப் பொட்டலத்தை வாங்க நிசிமின் கை நீளவில்லை. விதாலியை அலமாரிக்கு இழுத்துப்போய் அங்கியை உருவினார். டியூபின் வால்வு எட்டிப் பார்த்தது.

விதாலி குனிந்து டியூபைத் தடவிப் பார்த்தார்.

"ஒட்டுப் போட்டதா?"

"ஒண்ணுல மூணு ஒட்டு. இன்னொண்ணு புதுசு."

"இதுக்கா முத்தம் கொடுத்தோம்! பாவி." காபியைத் திரும்பப் பையில் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "உன் மகன் எலியாஸ், என்னையும் சேர்த்துக்கோங்கன்னு இந்த வாசல்ல வந்து நின்னானே. என்ன சொல்லி அனுப்பின?"

நிசிமுக்கு நினைவிருந்தது. அம்மா யூதச்சியாக இருந்தால்தான் பிள்ளை யூதன், உன் அம்மா நம்மவள் இல்லை, நீ கணக்கில் வரமாட்டாய் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதே மழைக்காலத்தில்தான்.

"டியூபைச் சேர்த்த. பெத்த பிள்ளையைச் சேர்க்கல. நான் முதல்லேருந்து பதினொரு மாசம் சொல்லப்போறேன். நீ போய் அவனைக் கூப்பிடு."

கடையில் எலியாஸ் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது ஆள். நிசிம் எல்லாவற்றையும் சொன்னார்.

"கடையில ஒரு புது டியூப் காணோம்னு என்னைத் திருடன்னீங்களே," என்றான் எலியாஸ், தலை நிமிராமல். "அது இதுதானா?"

"இதுதான்."

"சரி."

"சனிக்கிழமை வர்றியாப்பா?"

எலியாஸ் டியூபை இன்னும் ஆழமாக அமுக்கினான். தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை ஒன்பது பேர் கூடினார்கள். விதாலி காதீஷ் சொல்ல எழுந்து நின்றார். வெறும் அலமாரி திறந்தே கிடந்தது. நிசிம் புத்தகத்தைத் திறக்காமல், தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோரிடமும் சைக்கிள் இருந்தது.