பஸ் ஜன்னலில் சிரித்தவன்

நாசரேத் ஞானதுரை ஊர் ஊராகப் போய்க் கடைகளுக்கு மைப்பேனா விற்றுவந்தவர். மாதிரிப் பெட்டியோடு ஒரு பாக்ஸ் கேமராவும் தோளில் தொங்கும். வேலை முடிந்ததும் கடைத்தெருவில் நின்று, முன்பின் தெரியாதவர்களைப் படம் எடுப்பார். மாட்டுக்கு லாடம் அடிப்பவர், வாழைத்தார் பேரம் பேசுபவர், யாரானாலும் சரி. "ஓய், என்னை எதுக்குவே புடிக்கீரு?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். "முகம் நல்லாருந்துச்சு அண்ணாச்சி" என்பார். அதற்கு மேல் காரணம் அவருக்கும் தெரியாது.

1961 ஆடியில் தென்காசிக்கு வந்தார். வந்த அன்று சாயங்காலம் சாரல் விட்டு வெயில் அடித்தது. பஸ் நிலையத்தில் மளமளவென்று படங்கள் எடுத்தார். மறுநாள் காலை குளிப்பதற்காகக் குற்றாலம் போனார்.

பேரருவிக்கு எதிரே ஒரு பெண் ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இலத்தூர் மாரித்தாய். முந்தின நாள் காலையில் அருவியில் திடீரென்று வெள்ளம் வந்திருக்கிறது. குளிக்கப் போன அவளுடைய இளைய மகன் உச்சிமாகாளி வீடு திரும்பவில்லை. அவனுடைய வேட்டியும் துண்டும் கீழே பாலத்தடியில் சிக்கிக் கிடந்தன.

"ஆள் எப்படி இருப்பான்?" என்று பக்கத்தில் நின்ற மூத்தவன் வேல்சாமியிடம் ஞானதுரை கேட்டார்.

"முன்பல்லு பாதி உடைஞ்சிருக்கும். ஒத்தக் காதுல கடுக்கன். எங்கூடச் சண்டை போட்டுட்டுப் போனான் ஐயா. நேத்துல இருந்து தேடுதோம்."

ஞானதுரைக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. நேற்று சாயங்காலம் ஒரு பஸ் ஜன்னலிலிருந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தவனுக்கும் பல் உடைந்திருந்தது. காதை அவர் கவனிக்கவில்லை. சொல்லிவிட்டு, அது வேறு ஆளாக இருந்தால் இவர்கள் தாங்குவார்களா? வேல்சாமியைத் தள்ளிக் கூட்டிப்போய்த்தான் சொன்னார். ஆனாலும் மாரித்தாய்க்குக் கேட்டுவிட்டது. அழுகையை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

தென்காசியில் ரத்தினம் என்பவருடைய ஸ்டுடியோவுக்கு மூவரும் போனார்கள். "சீசன் நேரம் அண்ணாச்சி, ஒரு வாரம் ஆகும்" என்றவர், வாசலில் நின்றவளைப் பார்த்தார். பிலிம் சுருளை வாங்கிக்கொண்டு இருட்டறைக்குள் போனார். ஞானதுரை வாங்கிக் கொடுத்த காப்பியை மாரித்தாய் குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

படம் ஈரத்தோடு வந்தது. அவள் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஏலே வேலு, நம்ம பயதாம்லே! பாரு, இளிச்சிக்கிட்டு இருக்கான்."

வேல்சாமிக்கு நம்பப் பயமாக இருந்தது. "இது என்னைக்கு எடுத்தது?"

"நேத்து சாயங்காலம். நான் இந்த ஊர்ல வந்து இறங்கினதே நேத்து மத்தியானம்தான்."

அப்படியென்றால் வெள்ளத்துக்குப் பிறகு. வேல்சாமி படியில் உட்கார்ந்துவிட்டான். தாய் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். படத்தில் பஸ்ஸின் முன்னால் இருந்த ஊர்ப்பெயர்ப் பலகையும் பாதி பதிந்திருந்தது. 'னலூர்' என்ற எழுத்துகள் தெரிந்தன.

"மலைக்கு அந்தப் பக்கம், புனலூருக்குல்லா போயிருக்கான்" என்றார் ரத்தினம்.

வேல்சாமி அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினான். புனலூர் மரக்கடை ஒன்றில் தம்பி மரக்கட்டை தூக்கிக்கொண்டிருந்தான். பாறையில் கழற்றி வைத்த துணிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. யாரோ கொடுத்த பழைய வேட்டி சட்டையைப் போட்டுக்கொண்டு, அவரிடமே பஸ்ஸுக்குக் காசும் வாங்கி, அண்ணன் மேலிருந்த கோபத்தில் அப்படியே பஸ் ஏறிவிட்டான். ஊரில் தன்னைப் பிணமாகத் தேடுவார்கள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்துப் போன செங்கோட்டைக் கடைகளில் ஞானதுரைக்கு வேலை ஓடவில்லை. அண்ணனும் தம்பியும் வந்து சேர்ந்த சேதி கிடைத்ததும் இலத்தூருக்கு ஓடினார். முற்றத்தில் மாரித்தாய் மகனை முதுகில் அடித்துக்கொண்டிருந்தாள். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா உன் வாயா தேய்ஞ்சிரும்?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். பிறகு அதே முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அன்று மத்தியானம் அந்த வீட்டில் கோழிக் குழம்பு. ஞானதுரை மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். விரித்துப் போட்ட பாயில் சற்றே சாய்ந்தவர், தென்காசி பஸ் போனதுகூடத் தெரியாமல் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினார்.